தலைகீழாய் வந்த தெரு

புதிய பாடத்திட்டம் பள்ளிக்கு மூன்று அட்டைப்பெட்டிகளில் வந்து சேர்ந்தது. முதல் பெட்டியில் புரொஜெக்டர். இரண்டாவதில் திரை. மூன்றாவதில், முதல் இரண்டு பெட்டிகளை எப்படித் திறப்பது என்று விளக்கும் கையேடு. மூன்றின் மேலும் ‘கண்டு கற்போம்’ என்று அச்சிட்டிருந்தது.

அறிவியல் டீச்சருக்குக் கண்டு கற்பதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. பதினெட்டு வருடமாகச் சொல்லி, எழுதவைத்தே கற்பித்தார் என்பது வேறு விஷயம். எட்டாம் வகுப்பு ஒளிப் பாடத்தில் ஊசித்துளைக் காமிரா வரும். கரும்பலகையில் ஒரு மெழுகுவர்த்தி, துளையுள்ள ஒரு பெட்டி, துளைக்குள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் இரண்டு கோடுகள், பெட்டிக்குள் தலைகீழாக இன்னொரு மெழுகுவர்த்தி. கண்ணை மூடிக்கொண்டு வரைவார். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது, “நிஜமாவே இப்படி வருமா டீச்சர்?” என்று கேட்கும்.

“பரீட்சைல வரும்” என்பார்.

அதற்குமேல் அவருக்கும் தெரியாது. அவரும் அதைப் பரீட்சையில் வரைந்துதான் டீச்சரானார்.

பதினொரு மணிக்குக் கண்காணிப்பு அதிகாரி வருவதாக இருந்தது. அவர் கொண்டுவரும் படிவத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் உயிர் உண்டு: ‘திரையில் படம் தெரிந்ததா? ஆம் / இல்லை.’ இல்லை என்றால் பெட்டிகள் வேறு பள்ளிக்குப் போகும். ஆய்வகம் உடைந்த பெஞ்சுகளுக்குப் போகும். டீச்சர் ‘உபரி ஆசிரியர்’ என்ற புதுப் பெயரோடு எங்கே நாற்காலி காலியோ அங்கே போவார். தலைமையாசிரியர் இதை மிகுந்த அன்போடு சொல்லியிருந்தார். “பயப்படாதீங்கம்மா. ரெண்டு பஸ் மாறினா போயிடலாம்.”

மாடியிலிருந்த ஆய்வகத்தை இருட்டாக்கும் வேலை அட்டெண்டருக்கு. பள்ளியில் எது அணைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சமயத்தில் அவர் வந்த பிறகும் அணையும். பிள்ளைகளுக்கு அவர் ஃபியூஸ் அண்ணன். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்பு அட்டை ஒட்டி, ஓரமெல்லாம் டேப் அடித்தவர், தெருப்பக்க ஜன்னலில் மட்டும் பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார்.

“அது எதுக்குண்ணே?”

“அதிகாரி கார் வருதான்னு பார்க்க வேணாமா டீச்சர்? எல்லாத்தையும் அடைச்சிட்டா வெளிய என்ன நடக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

நியாயமாகத்தான் பட்டது.

பதினொன்றரைக்கு அண்ணன் ஓட்டையில் கண்ணை வைத்து, “வெள்ளைக் கார். கண்ணாடி போட்ட அம்மா. சிரிக்கல” என்று அறிவித்தார். சிரிக்காத அம்மாள் படிவத்தோடு முன்பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நாற்பது பிள்ளைகள் கைகட்டி இருந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. திரை நீலமாக ஒளிர்ந்து, ‘சிக்னல் இல்லை’ என்றது.

“இது முன்னுரையா?” என்றார் அதிகாரி.

பிறகு நீலமும் போயிற்று.

“ஒரே நிமிஷம் மேடம்” என்று அண்ணன் வயர்களுக்குள் இறங்கினார். ஒரு நிமிஷம் ஐந்தானது. கும்மிருட்டில் டீச்சர் மனசுக்குள் இரண்டாவது பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்.

அப்போது திரையில் ஏதோ ஊறியது. முதலில் கறை மாதிரி. கண் இருட்டுக்குப் பழகப் பழக, கறை நிறமாயிற்று. அடியில் வெளிர்நீலம், நடுவில் பச்சை, மேலே சாம்பல்.

“வந்துடுச்சு” என்றார் அதிகாரி. “ஆனா தலைகீழா இருக்கே.”

“அண்ணே, புரொஜெக்டரைத் திருப்பி வைங்க.”

எதையோ கவிழ்க்கும் சத்தம் கேட்டது. படம் அப்படியே இருந்தது.

“இன்னும் தலைகீழ்தான்.”

மறுபடி சத்தம். பிறகு இருட்டிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. “டீச்சர், இதை எப்படித் திருப்பினாலும் ஒண்ணுதான். ப்ளக்கு என் கையில இருக்கு.”



திரையின் அடியில் வானம் கிடந்தது. மேலே தெரு தொங்கியது. ஒரு சைக்கிள் தலைகீழாக, சத்தமே இல்லாமல் தெருவைக் கடந்தது. குடை பிடித்த ஒருத்தி கிண்ணத்தில் நிற்பதுபோல் நகர்ந்தாள். எதிர்மாடிக் கொடியில் சட்டைகள் மேல்நோக்கி ஆடின. மரத்தின் இலைகள் தனித்தனியாக நடுங்கின. எல்லாம் நிறத்தோடு.

“டீச்சர், இது நம்ம தெரு” என்றாள் மூன்றாம் பெஞ்சுக்காரி, கோயிலுக்குள் பேசுகிற குரலில். “யார் எடுத்த படம்?”

டீச்சர் ஜன்னலுக்கு நடந்து ஓட்டையைக் கையால் மூடினார். தெரு அணைந்தது. எடுத்தார். தெரு வந்தது. ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. சைக்கிளும் சட்டைகளும் வானமும் இந்தப் பொட்டு வழியாகத்தான், ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் போய்க்கொண்டிருக்கின்றன. பதினெட்டு வருடமாக வரைந்த இரண்டு கோடுகள் இப்போது அவர் கையில் இருந்தன. அவற்றுக்குக் கனமே இல்லை.

“யாரும் எடுக்கல” என்றார். “இப்ப நடக்குது.”

அதிகாரி தொண்டையைச் செருமினார். “எல்லாம் சரி. பெட்டி ஓடலையே. நான் எப்படி ஆம்னு போடறது?”

“கேள்வி பெட்டியைப் பத்தி இல்லையே மேடம். திரையில படம் தெரிஞ்சுதான்னுதான கேட்டிருக்காங்க” என்றார் டீச்சர்.

அதிகாரி அந்த வரியை செல்போன் வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தார். எழுந்தார். “நான் கீழ போய் நிக்கறேன். அங்க என்ன பண்றேன்னு வந்து கேப்பேன்.”

சற்று நேரத்தில் திரையின் மேல்பாகத்தில் ஒரு சின்ன அதிகாரி வந்து தொங்கினார். பழக்கதோஷத்தில் ஃபியூஸ் அண்ணன் ஓட்டையில் கண்ணை வைத்தார். தெரு மொத்தமும் அணைந்தது.

“அண்ணே, தலையை எடுங்க” என்றன நாற்பது குரல்கள்.

தெரு திரும்ப வந்தது. சின்ன அதிகாரி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். திரையில் அவர் வானத்தை நோக்கிக் கீழே போய், மேலே திரும்பி, சாலையில் ஒட்டிக்கொண்டார்.

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

மேலே வந்தவருக்கு மூச்சு வாங்கியது. “என்ன பண்ணேன்?”

வகுப்பு டீச்சரைப் பார்த்தது. டீச்சர் தரையைப் பார்த்தார். மூன்றாம் பெஞ்சுக்காரிதான் எழுந்தாள். “குதிச்சீங்க மேடம்.”

அதிகாரி நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் நின்ற இடத்தில் இப்போது ஒரு நாய் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. இருட்டிலேயே பேனா கீறும் ஓசை கேட்டது.

“ஆம்னு போட்டுட்டேன். அடுத்தது, பயன்படுத்திய கருவி. என்ன எழுதட்டும்?”

“ஓட்டைன்னு போடுங்க மேடம்” என்றார் ஃபியூஸ் அண்ணன், அடக்கமாக.

அதிகாரி எழுதினார். ஆனால் எழுந்து போகவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து டீச்சருக்கு இடம் விட்டார்.

“டீச்சர்,” என்றாள் மூன்றாம் பெஞ்சுக்காரி, “இது பரீட்சைல வருமா?”

“தெரியலம்மா” என்று டீச்சர் உட்கார்ந்தார். “இங்க வருது. பாரு, பஸ் வருது.”