மூன்றாவது புத்தகம்

"அந்தாளு மூஞ்சியப் போய் அப்பா பக்கத்துல வெப்பியா? எடுடி அதை" என்று அண்ணன் கத்தியதும், கூடத்தில் துக்கம் கேட்க வந்திருந்தவர்களின் விசும்பல் சட்டென்று நின்றது. அழுகையை எப்போது வேண்டுமானாலும் தொடரலாம், சண்டை அப்படியா?

தங்கை எடுக்கவில்லை. சவப்பெட்டிக்குள், அப்பாவின் கைக்கருகே, புத்தகத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். அட்டையில் எப்போதோ செத்துப்போன பிரதமர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். முந்தாநாள் அவர் பிறந்தநாளுக்கு அவள்தான் அந்த வாழ்க்கை வரலாற்றை வாங்கிக் கொடுத்தாள். இன்று காலை நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார், மடியில் அந்தப் புத்தகம். ரசித்துப் படித்துக்கொண்டிருந்தாரா, சலித்துத் தூங்கிப்போனாரா, யார் கண்டது?

அண்ணனுக்குத் தெருவில் வக்கீல் என்று பெயர். பார்ப்பது என்னவோ இன்சூரன்ஸ் வேலை. டிவியில் அந்த ஆள் வந்தாலே அப்பா "பெரிய மனுஷன்யா" என்பாரே, அது நக்கல் இல்லாமல் வேறென்ன என்று அவன் வாதத்தை எடுத்துவைத்தான். தங்கைக்கும் அதே சொல்தான் சாட்சி. அந்த ஆள் செத்த அன்று கடையைச் சாத்திவிட்டு வந்து அப்பா அதைத்தானே சொன்னார்? ஊரே கடையடைத்தபோது அவர் மட்டும் திறந்துவைத்திருப்பாரா என்றான் வக்கீல். பக்கத்து வீட்டம்மாள் தலையாட்டினாள். யாருக்கு ஆட்டினாள் என்பதுதான் விளங்கவில்லை.

"வாங்கும்போது உனக்கே தெரியுமா, அப்பாவுக்கு அவரைப் பிடிக்குமா பிடிக்காதான்னு?" என்று மடக்கினான் அண்ணன்.

புத்தகக் கடைக்காரன் கேட்டதும் அதுதான். அவரைப் பிடித்தவர்களுக்கு ஒன்று இருந்தது, தலையணை கனம். பிடிக்காதவர்களுக்கு ஒன்று, அதுவும் தலையணை. இரண்டுக்கும் நடுவே முழித்துக்கொண்டு நின்றவளிடம் மூன்றாவதை நீட்டி, "ரெண்டும் தெரியலைன்னா இதைக் குடுங்க. கதை மாதிரி ஓடும்" என்றான். பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் சாப்பிட்டவள், அப்பாவைத் தெரியாதவர்களுக்கான புத்தகத்தை வாங்கி வந்திருந்தாள்.

"நீயே சொல்லும்மா" என்றாள் கடைசியில். "பெரிய மனுஷன்னு அப்பா எப்படிச் சொல்வாரு?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். "என்னையும்தான் கல்யாணமான நாள்லேருந்து பெரிய மனுஷி, பெரிய மனுஷின்னாரு. நக்கலா நிஜமான்னு கேக்கணும், கேக்கணும்னு இருந்தேன்."

வக்கீல் வாதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து செருப்பைத் தேடினான்; தெருவுக்கு இது புதிது. வாசலில் வண்டி வந்து நின்றது. பெட்டியை மூடுமுன் அம்மாவே குனிந்து புத்தகத்தை எடுத்து, உள்ளங்கையால் அட்டையைத் துடைத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் வக்கீல் மாற்றலாகி, பெண்டாட்டி பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போனான். அம்மாவும் கூடப் போனாள். தங்கை ஒரு கம்பவுண்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் அடிக்கடி புத்தகக் கடைக்குப் போய்வந்ததைப் பார்த்துத் தெரு எதிர்பார்த்தது அந்தக் கடைக்காரனை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் செய்வாள். அந்தப் புத்தகத்தைத் தினம் கொஞ்சமாகப் படித்துவந்த அம்மா, முடித்துவிட்டதாகச் சொன்ன அன்று, "எப்படிம்மா, ஆளு?" என்று தங்கை கேட்டாள்.

"பெரிய மனுஷன்தான்" என்றாள் அம்மா. அடுப்பில் பால் இருக்கிறதென்று போனை வைத்துவிட்டாள்.