தண்ணீர் வற்றும் மாதம்

மகன் விழுந்த ஆற்றில் தண்ணீர் வற்றட்டும் என்று சேவுகப்பெருமாள் எட்டு மாதம் காத்திருந்தார்.

அழகுராஜா லடாக்கில் சாலை போடும் கம்பெனி ஒன்றில் டிப்பர் லாரி ஓட்டினான். ஐப்பசியில் வளைவு ஒன்றில் மண் சரிந்து, லாரியோடு ஷியோக் ஆற்றின் பள்ளத்துக்குள் போய்விட்டான். லாரி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. அங்கேயே வேலை பார்த்த பங்காளி மகன் மலையாண்டிதான் ஊருக்கு, கல்லலுக்குப் போன் போட்டான்.

"பெரியப்பா, வீட்டாளு வந்து நின்னா கயிறு கட்டி ஆளை எறக்கித் தேடுறோம்னு சூப்பர்வைசர் சொல்றாரு. இப்பவே வரணுமாம்."

"கார்த்திகை பொறக்கப் போகுது, இப்பப் போயி ஆத்துல எறங்கச் சொல்றானா? கிறுக்கனாடா அவன்? கோடையில வத்தட்டும், வாறேன்."

மலையாண்டிக்கும் அது நியாயமாகவே பட்டது. புரட்டாசியில் சேர்ந்தவன், அங்கே ஒரு கோடையைக் கண்டதில்லை. கொஞ்ச நாளில் பயந்துபோய் ஊருக்கே திரும்பிவிட்டான்.

கல்லலில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கண்மாய் விழுங்கியதைக் கோடையில் கொடுத்துவிடும். பித்தளைக் குடம், மண்வெட்டி, ஒருமுறை கருத்தையா வீட்டுச் சைக்கிள்கூட வெடித்த சேற்றிலிருந்துதான் வந்தது. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் கருமாதி கூடாது என்று மருமகள் அனுசுயா சொல்லிவிட்டாள். தாலி கழுத்திலேயே கிடந்தது. கல்யாண வீடுகளில் குங்குமச் சிமிழை அவளிடம் நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பெண்கள் கையை இழுத்துக்கொண்டார்கள்.

ஆனியில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்ததும், சேவுகப்பெருமாள் மலையாண்டியைக் கூட்டிக்கொண்டு லடாக்குக்குக் கிளம்பினார்.

"குல்லாயோட பாத்தா மிலிட்டரிக்காரவுக மாதிரியே இருக்கீக பெரியப்பா."

"பேசாம வாடா."

லாரி விழுந்த வளைவில் கம்பெனி ஜீப் நிற்பதற்கு முன்பே இரைச்சல் கேட்டது. சேவுகப்பெருமாள் எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் புல் முளைக்காத மலை. நடுவில் சிமெண்டைக் கரைத்துவிட்டதுபோல் தண்ணீர் சுவருக்குச் சுவர் மோதிப் போனது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"நேத்து மழையாடா?"

மலையாண்டி சூப்பர்வைசரிடம் இந்தியில் கேட்டான். பதிலைக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"மழையில்ல பெரியப்பா. வெயில் அடிச்சா மேல பனி உருகுமாம். வெயில் ஏற ஏறத் தண்ணி ஏறுமாம்."

"அப்ப வத்துறது?"

"ஐப்பசி, கார்த்திகையிலயாம். அப்பப் பாறையெல்லாம் வெளிய தெரிஞ்சதை நானும் பாத்தேன். அதான் அப்ப வரச் சொன்னாராம்."

"வார ஐப்பசிக்கு வந்தா?"

"இந்த வெள்ளத்துல எதுவும் தங்காதாம். எல்லை தாண்டிப் போயி, சிந்து நதியில சேந்துருமாம்."

அவர் சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிடரியில் வெயில் சுட்டது. போன் அடித்தது.

"போயிட்டீகளா மாமா? அங்குட்டு வெயிலா?"

"வெயிலுதான் தாயி. நல்ல வெயிலு."

"அப்பாடா," என்றாள் அனுசுயா. பிறகு, "என்ன மாமா ஒரே இரைச்சலா இருக்கு? லாரி ஏதும் போகுதா?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பள்ளத்தைப் பார்க்க நீட்டினார். மறுபடி காதில் வைத்தார்.

"ஆறு தாயி."



"வெயிலுன்னீகளே மாமா?"