இரண்டு கரைக்கும் போன ஆஸ்பத்திரி

திறப்பு விழா நடந்த வாரமே நாதோகோ ஊரின் ஆஸ்பத்திரி எழுந்து, ஆற்றைக் கடந்து, எதிர்க்கரை வைனிகாவுக்குப் போய்விட்டது. நர்ஸ் மெரேசேனி உள்ளேதான் இருந்தாள். காலையில் ஜன்னலைத் திறந்தால் மாமரத்துக்குப் பதில் தென்னை நின்றது, வேறு வித்தியாசம் இல்லை என்றாள். அந்த வருஷம் சேப்பங்கிழங்குக்கு நல்ல விலை.

மாகாண ஆபீஸைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வோர் ஊரும் கூடி உட்கார்ந்து, யங்கோனா வேர்ச்சாறு குடித்து, தனக்கு வேண்டியதைத் திட்டமாக எழுதி அனுப்பும். மாகாணம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரைபடமாக்கும். இந்த இரண்டு ஊர்த் திட்டமும் இருபது வருஷமாக ஒட்டவே இல்லை. இவர்கள் மேல்துறையில் பாலம் கேட்டால் அவர்கள் கீழ்த்துறையில் கேட்பார்கள். பாதிப் பாலம் யாருக்கு வேண்டும்? கடைசியில் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரி என்று முடிவாகி, மேட்டு நிலம் இருந்ததால் நாதோகோவில் கட்டினார்கள். வைனிகா தலைவர் இசோவாவுக்கு அன்றிலிருந்து தொண்டையில் கிழங்கு இறங்கவில்லை.

இரண்டு ஊரும் தௌவு முறை, ஒரே குலதெய்வத்தின் பிள்ளைகள்; ஒருவரையொருவர் கூப்பிடுவதே ‘தௌ’ என்றுதான். தௌவு வீட்டில் எதையும் கேட்காமல் எடுத்துப் போகலாம். பறிகொடுத்தவன் வாய்க்கு வந்தபடி ஏசலாம், ஆனால் சிரித்துக்கொண்டே ஏச வேண்டும். கேட்டு வாங்குவதுதான் கேவலம். பன்றி, பாய் என்று போய்க்கொண்டிருந்த வழக்கம், இசோவாவின் வயிற்றெரிச்சலில் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டது.

“டேய் தௌ, எச்சக்கலை! காய்ச்சலே வராத ஊருக்கு ஆஸ்பத்திரி எதுக்குடா?” என்று நாதோகோ தலைவர் விலிகேசா கரையில் நின்று சிரித்தார்.

“உன் மூஞ்சியப் பார்த்தாலே காய்ச்சல் வருதே, அதுக்குத்தான்!” என்றார் இசோவா.

இரண்டு கரையும் சிரித்தது. விலிகேசா வீட்டுக்குப் போய்ப் பாயில் குப்புறப் படுத்துப் பொருமினார். சில நாளில் ஆஸ்பத்திரி திரும்பி வந்தது. பிறகு அங்கே. பிறகு இங்கே. யாருக்கு அதிகம் எரிகிறதோ அவர் கரைக்கு அது போகும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்துபோயிற்று. மெரேசேனி மருந்துப் புட்டிகளைக் கயிற்றால் கட்டி வைத்தாள்.

ஆஸ்பத்திரி வைனிகாவில் இருந்த ஒரு மார்ச் மாதம் ஆறு கரைபுரண்டது. அன்று பார்த்து விலிகேசாவின் மகள் லிட்டியாவுக்கு வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடந்தது. மூங்கில் தெப்பம் நடு ஆற்றுச் சுழிப்பைத் தாண்டாது.

“பொறாமைப்படுங்க தலைவரே, சீக்கிரம்!” என்று ஊரே கத்தியது. பாவம், அவரும் முக்கிப் பார்த்தார். வயிறு முழுக்கப் பயம்தான் இருந்தது, பொறாமைக்கு இடமில்லை.

விலிகேசா, பெரிய வேண்டுதலுக்கு மட்டும் வெளியே எடுக்கிற திமிங்கிலப் பல்லை இரு கையிலும் ஏந்திக் கரைச் சேற்றில் உட்கார்ந்தார். “இசோவா, பிடுங்க வரலப்பா. கேக்குறேன். என் மக செத்துடுவா.”

யாரும் சிரிக்கவில்லை. எதிர்க்கரையில் இசோவா தலையில் அடித்துக்கொண்டார். “கேக்காதடா! தௌ கேக்கலாமா? எடுத்துட்டுப் போய்த் தொலை!”

ஆஸ்பத்திரி எழுந்து வெள்ளத்தின்மேல் பாதி தூரம் வந்தது; சுழிப்பின் நடுவில் நின்றுகொண்டது. அதன் மறைவில் தண்ணீர் அடங்கியது. மெரேசேனி புட்டிக் கயிற்றை அவிழ்த்து வீச, அதைப் பிடித்து லிட்டியாவை ஏற்றிய தெப்பம் போய்ச் சேர்ந்தது. பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

“ஏன்டா பாதியில நின்னுச்சு?” என்று பிறகு விலிகேசா கேட்டார்.

“வாய் முழுசாத்தான் குடுத்துச்சு தௌ. வயிறு பாதிதான் குடுத்துச்சு” என்றார் இசோவா.

அடுத்த திட்டத்தில் நாதோகோ தன் கரையிலிருந்து, நடு ஆற்றிலேயே நின்றுவிட்ட ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு பாலம் கேட்டது. வைனிகாவும் தன் கரையிலிருந்து அதையே கேட்டது. மாகாண வரைபடத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே பாலமாயின. லிட்டியாவின் மகள் இப்போது அதன்மேல் ஓடித்தான் பள்ளிக்கூடம் போகிறாள். யார் பாதி நீளம் என்று தலைவர்கள் இருவரும் இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள். எரிச்சல் கூடுகிற நாளில் ஆஸ்பத்திரி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஒரு சாண் நகரும். பாலமும் ஒரு சாண் நீண்டு கொடுக்கும்.