தொடாமல் போன தட்டு

விடிந்ததும் உங்கட்டு சதுப்பில் இறங்கிவிட்டார். சுருள் அவிழாத மிடின் கொழுந்துகளாகப் பார்த்து, கிள்ளினால் பட்டென்று ஒடிவதை மட்டும் கூடையில் போட்டார். மகள் மெங்கானுக்கு அந்தக் கீரை என்றால் உயிர். இரண்டு வருடம் கழித்து நேற்றுத்தான் வந்தாள், சாப்பிட்டதும் கிளம்புகிறாள்.

கீழாற்று லாஜாங்கை அவள் கட்டிக்கொண்டபோது அவன் வீட்டார் யாரும் முறைப்படி பெண் கேட்டு வரவில்லை. அந்த அவமானத்தை உங்கட்டு இன்னும் விழுங்கவில்லை. மனைவியை அழைத்துப்போக வந்த லாஜாங், இப்போதும் துறையில் படகிலேயே உட்கார்ந்திருந்தான்.

பூண்டும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் தட்டிப் போட்டு அவரே வதக்கினார். தட்டை மகள் முன்னால் வைத்தார்.

"அவருக்கு?" என்றாள் மெங்கான்.

உங்கட்டு அடுப்பைப் பார்த்தார்.

"அப்ப எனக்கும் வேணாம்ப்பா. இனிமே வரவும் மாட்டேன்."

பையை எடுத்துக்கொண்டு போயே விட்டாள். தட்டை ஒரு விரலால்கூடத் தொடவில்லை.

வைத்த சாப்பாட்டைத் தொடாமல் வாசல் தாண்டியவர்களுக்கு ஆற்றில் முதலை காத்திருக்கும். விரல் நுனி பட்டால் போதும், தோஷமில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இதைக் கோபத்தில் மறந்துவிட்டாளே!

தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரே கூரையின் கீழ் நீண்டு கிடந்த நெடுவீட்டின் பதினெட்டுக் குடும்பமும் வாசலுக்கு வந்துவிட்டது.

"உங்கட்டுக்கு ஓடக்கூடத் தெரியுமாடி!" என்று சிரித்தாள் பக்கத்து அறை சுபாங். "கீரை கொட்டுது, பாத்து!"

அவர் திரும்பவில்லை. படகு நகரும் முன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார்.

"தொட்டுட்டுப் போம்மா. திட்டணும்னா திட்டிக்க. தொட்டுடு."

"அவரும் இதே ஆத்துலதானேப்பா போறாரு?"

உங்கட்டின் கையிலிருந்த தட்டு மெல்ல மகளைத் தாண்டி லாஜாங்கின் முன்னால் நீண்டது.

லாஜாங் விரலால் தொட்டதோடு நிறுத்தவில்லை. ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றான்.

"உப்பு?" என்றார் உங்கட்டு.

"கொஞ்சம் தூக்கலா இருக்கு, மாமா."

"வெறும் கீரையைத் தின்னா அப்படித்தான் இருக்கும். மேல சோறு இருக்கு, மாப்பிள்ளை. படகைக் கட்டிட்டு வாங்க."

மெங்கான் அதற்குள் தட்டில் பாதியைக் காலி செய்திருந்தாள்.