ஊர் முழுக்கக் கேட்ட ‘ம்’

அந்த வருடம் எங்கள் ஊர் ரேடியோக்கள் எல்லாம் ‘ம்’ கொட்ட ஆரம்பித்தன. செய்தி வாசிப்பவர் ஒரு வரி முடித்து மூச்சு வாங்கினால், அந்த இடைவெளியில் ஓர் ஆண்குரல் ‘ம்’ என்னும். தீயணைப்பு வண்டியின் வயர்லெஸ்ஸிலும் அதேதான். முகவரி பாதி சொல்லும்போதே ‘ம்’ வந்துவிட, வண்டி கிளம்பிப் போய் அடுத்த தெருவை நனைத்துவிட்டு வந்தது. தக்காளி விலையைப் பற்றிப் பேசிய அளவுகூட நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை.

அலைவரிசைக் குறுக்கீட்டைக் கண்டுபிடிக்க வந்த இன்ஸ்பெக்டர் எங்கள் தெருக்காரர்தான். ஏரியல் பொருத்திய கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். மிக்ஸி, தையல் மெஷின் மோட்டார், பல் டாக்டரின் டிரில் என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டார். நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு பக்கத்து வீட்டைக் காட்டிக் கொடுத்தோம். கருவியின் முள் மட்டும் எங்கே நின்றாலும் அவர் நெஞ்சையே காட்டியது. கெட்டுப்போன கருவி என்று புதிது வாங்கினார். அதற்கும் அவர் நெஞ்சுதான் பிடித்திருந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் நாலைந்து நாளாக ஒரு சூட்கேஸ் கட்டித் தயாராக இருந்தது. ஏரியலை வைக்க வாட்டமாக இருந்ததால், அது எதற்கென்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே ரேடியோ கேட்ட அவர் மனைவி, “ஏங்க, இது உங்க ‘ம்’ தான். பதினோரு வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா?” என்றார்.

இன்ஸ்பெக்டர் வழக்கம்போல ‘ம்’ என்றார். ரேடியோவும் ‘ம்’ என்றது. ஏரியலை எடுத்து ஓரமாக வைத்தவர், அடியிலிருந்த சூட்கேஸை அப்போதுதான் பார்த்தார்.

“இந்தப் பெட்டி எதுக்கு?”

“வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு, போகட்டுமான்னு கேட்டேன். ‘ம்’னீங்க. நாளைக்குச் சேரணும்.”

போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். என்ன வேலை என்றுகூடத் தெரியாமல் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. “என்ன வேலை?” என்றார். அந்த அம்மா பெட்டிமேல் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்கும்வரை ஊரில் ஒரு ரேடியோகூட முனகவில்லை.

மறுநாள் அந்த அம்மா பஸ் ஏறிவிட்டார். தினமும் சாயங்காலம் போன் செய்கிறார். இன்ஸ்பெக்டர் காதில் வாங்காமல் விட்ட பழைய பாக்கியெல்லாம் சொல்லி, இப்போதுதான் கல்யாணமான நாலாவது வருடத்துக்கு வந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் “அப்புறம்?”, “நீ என்ன சொன்னே?” என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை காற்று சுத்தமாக இருப்பதால், ரேடியோ நிலையத்தார் செய்தியை அந்த நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மற்ற நேரங்களில் இன்னும் சில ஆண்குரல்கள் மெலிதாகக் கேட்பதுண்டு. இன்ஸ்பெக்டர் ஏரியலோடு தெருவில் இறங்குவது தெரிந்ததும், நாங்கள் ஆண்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்படிக்குப் போய், இன்றைக்கு என்ன நடந்தது என்று மனைவிமாரைக் கேட்கிறோம்.