தரம் ஆறிலிருந்து எண்ணினால்

எங்கள் அதிபர் சுவக்கின் சேர் எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகச் சொன்னதில்லை. அம்மாவை வரச்சொல்வார். ஆசிரியர் அறையில் கதிரை போட்டு உட்காரவைப்பார். தேநீர் வரும். தேயிலைத் தோட்டத்தில் துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் நின்றுகொண்டே பேசிப் பழகிய பெண்ணுக்கு அதிபரே கதிரையை இழுத்துப் போட்டால், அதன்பிறகு அவர் எதைச் சொன்னாலும் "சரிங்க சேர்" என்ற பதில்தான் வரும். எங்கள் அம்மா அங்கம்மாவும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தார்.

நான் வேலை முடிந்து வந்து படுக்கப் போகிற நேரம்.

"என்னா சொன்னாரு?"

"நம்ம அஷ்வினிக்குக் கணக்கு வராதாம். இந்த வருசம் ஸ்கூல்ல இருந்து எழுத வேணாமாம். அடுத்த வருசம் தனியா எழுதட்டுமாம். புள்ளயோட நல்லதுக்குத்தான் சொல்றாரு டிலானி."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"பால் டீ குடுத்தாரு, தெரியுமா? பெரிய மனுசன்."



இந்த வேலை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் புதிதல்ல. சாதாரண தரம் என்கிற ஓஎல் பரீட்சைக்குத் தேறக்கூடிய பிள்ளைகளை மட்டும் அனுப்பினால் எல்லோரும் தேறுவார்கள். "நூறு வீதச் சித்தி" என்று வாசலில் பெனர் கட்டலாம். மற்றப் பிள்ளைகள் 'தனியாக' எழுதலாம். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் எழுதியவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். அந்த வருடமும் பெனர் கட்டினார்கள். நான் பல்லேகலையில் ஒரு கார்மென்ட் ஃபெக்டரியில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். இன்றுவரை சட்டைக் கொலர்களில் பிழை பார்க்கிறேன்.

என் தங்கை அஷ்வினி பெரிய கெட்டிக்காரி இல்லை. தமிழும் வரலாறும் வரும். கணக்கில் தடுமாறுவாள். உயர்தரம் படித்து ஆசிரியையாக வேண்டும் என்று ஆசை. அந்தக் கிழமைக்குள் பரீட்சை விண்ணப்பங்கள் போகவேண்டும். அதில் அவள் கையெழுத்து இல்லாவிட்டால், அடுத்த வருடம் அவளும் என்னோடு கொம்பனி வேனில் ஏறுவாள். அவள் அழுது முடித்துவிட்டு வரலாற்றுப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கம் புரளவில்லை.

அந்த நேரம் மாகாணத்தில் ஒரு புதுத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. சாதாரண தரம் தேறுகிற பிள்ளைகளையும், உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளையும் எண்ணிக்கையில் கூட்டுவதற்கான திட்டம். பெற்றோரின் கருத்தைக் கேட்கக் கண்டியில் ஒரு கூட்டம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெற்றோர் போகவேண்டும். சுவக்கின் சேர் எங்கள் அம்மாவைத் தெரிவுசெய்திருந்தார். ஏனென்று விளக்கத் தேவையில்லை.

மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடைக்காது. ஆகவே நான் போனேன். காலையில் வேலை முடிந்து வந்த வேன் என்னைக் கண்டி டவுனில் இறக்கிவிட்டது. மண்டபத்து வாசலில் சேர் நின்றார்.

"டிலானியா? அம்மா எங்க?"

"மலைக்குப் போயிட்டாங்க சேர். நான்தான் வந்தேன்."

"வேல முடிஞ்சு நேரா வாற போல. பின்னுக்குப் போய் இரு. தூக்கம் வந்தா தூங்கு, ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க."

"தூங்க மாட்டேன் சேர்."

அவர் முகம் கொஞ்சம் மாறியது.

இரவு முழுக்கக் கொலர்களைப் புரட்டிக்கொண்டே ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். பெனர், கதிரை, பால் டீ எல்லாம் அதில் இருந்தன. ஒரு சிக்கல்தான். சபையில் அவருடைய மானத்தை வாங்கினால் அஷ்வினியின் பெயரை அவர் அனுப்புவாரா? பேசாமல் இருந்தாலும் அனுப்பப்போவதில்லை. அப்படியானால் பேசிவிட்டே போகலாம் என்று முடிவெடுத்தேன்.

திட்டத்தைச் சொன்னவர் றுமைஸா என்ற அதிகாரி. சின்ன உருவம், மைக் தேவைப்படாத குரல். திரையில் பள்ளிக்கூடங்களின் தேர்ச்சி வீதங்களைக் காட்டினார். எங்கள் பள்ளிக்கூடம் உச்சியில் இருந்தது. கைதட்டினார்கள். சுவக்கின் சேர் பாதி எழுந்து தலைகுனிந்து உட்கார்ந்தார். நான் கையை உயர்த்தினேன்.

"கேள்வி கடைசில எடுப்போம். கைதட்டினதும் போதும்," என்றார் றுமைஸா. "இப்ப அடுத்ததப் பாருங்க. அதே பள்ளிக்கூடங்கள்தான். தரம் ஆறுல எத்தின புள்ள சேர்ந்திச்சு, அதுல எத்தின புள்ள ஓஎல் பாஸாகிச்சு. அவ்வளவுதான்."

எங்கள் பள்ளிக்கூடத்தைத் தேடினேன். மேலே இல்லை. நடுவிலும் இல்லை. கீழே, கிட்டத்தட்டத் தரையில் கிடந்தது. மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

"இனி திட்டத்துல கணக்கு இப்பிடித்தான். வேற பள்ளிக்கூடம் மாறிப் போன புள்ளய மட்டும் கழிப்போம். எழுதாத புள்ளயும் பெயிலான புள்ளயும் எங்களுக்கு ஒண்டுதான். எழுத விடாம நிப்பாட்டினா ஒருத்தருக்கும் லாபமில்ல. இந்த வருஷத்துல இருந்தே."

முன்வரிசையிலிருந்து வேறொரு அதிபர் எழுந்தார். "மேடம், கணக்கே வராத புள்ளய வச்சு நாங்க என்ன செய்றது?"

"படிப்பிக்கிறது சேர். வேறென்ன?"

மண்டபம் சிரித்தது. பள்ளிக்கூடம் விட்டபின் நடத்தும் பின்னேர வகுப்புகள் பற்றியும், கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களுக்கு டவுனிலிருந்து ஆள் மாற்றுவது பற்றியும் அவர் சொல்லிக்கொண்டு போனார். நான் பாதிதான் கேட்டேன். இரவெல்லாம் கட்டிய பேச்சுக்கு இப்போது வேலையில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகுதான் தோள்கள் இறங்கின. அவ்வளவு நேரம் அவற்றை ஏற்றிவைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"பின்னுக்குக் கை தூக்கின தங்கச்சி, என்னமோ கேக்க வந்தீங்களே?"

எழுந்தேன். "இந்த வருசம் ஸ்கூல்ல இருந்து எழுத வேணாம்னு ஏற்கனவே சொல்லிட்ட புள்ளைங்க? அவங்களுக்கு என்னா மிஸ்?"

"திரும்பக் கூப்பிட்டு எழுத வைக்கணும். அப்பிடி ஆரு சொன்ன?"

எல்லாத் தலைகளும் திரும்பின. சுவக்கின் சேர் மட்டும் திரும்பவில்லை. அவருடைய பின்கழுத்து தெரிந்தது. கொலர் ஓரம் நைந்திருந்தது.

"பொதுவா கேட்டேன் மிஸ்," என்று உட்கார்ந்தேன்.

ஊர் திரும்பும் கலஹா பஸ்ஸில் சேர் என் பக்கத்து சீட்டுக்கு வந்தார். பேராதனை தாண்டியதும் சொன்னார்.

"அஷ்வினிய நாளைக்குக் காலையில அனுப்பு. கையெழுத்து வைக்கணும்."

"கணக்கு வராதுன்னீங்களே சேர்."

"வரவைப்போம்." டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார். "நீ என்ட பேரச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லி என்னா சேர்? நாளைக்கும் அவ உங்க ஸ்கூலுக்குத்தானே வரணும்."

அவர் சிரித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. எங்கள்மேல் அவருக்கு அன்பு பெருகிவிடவில்லை. எண்ணுகிற முறை மாறியிருந்தது, அவரும் மாறினார். எனக்கு அது போதும். அன்பு அடுத்த அதிபரோடு மாற்றலாகிப் போகலாம். கணக்கு அப்படி லேசில் போகாது.

"கணக்கு டீச்சர் வாற வரைக்கும் நான்தான் வகுப்பெடுக்கணும் போல," என்றார். "போர்டுல எழுத வெண்கட்டி பிடிச்சே எத்தினயோ வருஷம்."

எங்கள் லயத்து வீட்டுக்குப் போனபோது அஷ்வினி வாசற்படியில் இருந்தாள். கேட்கப் பயந்து என் முகத்தையே பார்த்தாள்.

"நாளைக்குப் போய் கையெழுத்து வை," என்றேன். "ஸ்கூல்ல இருந்தே எழுதுற."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்தது. அது முடியட்டும் என்று காத்திருந்து மிச்சத்தைச் சொன்னேன். "பின்னேரம் கணக்கு வகுப்பு. சுவக்கின் சேர் எடுப்பாரு."

"அவரா? அக்கா, அவரு பேசத் தொடங்கினா ஃபேன்கூட நின்னுரும்!"

"போய் இருந்து படி."

அடுத்த நாள் காலை வேலை முடிந்து வந்தும் படுக்காமல் இருந்தேன். அம்மா மலைக்குப் போயிருந்தார். இடைவேளை மணி கேட்ட கொஞ்ச நேரத்தில் அஷ்வினி குறுக்குப் பாதையால் ஓடிவந்தாள். விரலில் பேனா மை.

"வச்சாச்சுக்கா! அவசரத்துல எழுத்துக் கோணிப்போச்சு, பரவாயில்லன்னாரு. எனக்குப் பின்னால வரிசையே நிக்குது. வீட்டுக்கு அனுப்பின எல்லாத்தையும் ஆள் விட்டுக் கூட்டிட்டு வந்துட்டாரு. கடைல வேலைக்குப் போன புள்ளகூட ஏப்ரனோட வந்து நிக்கிறா."

"சரி, திரும்பி ஓடு. வகுப்பு தொடங்கிரும்."

"இடைவேள முடிஞ்சு மொதப் பாடமே கணக்குக்கா," என்று முனகிக்கொண்டே ஓடினாள்.

நான் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.