கழுகும் கரண்டியும்

இந்த மலைப்பாதையில் யாரும் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்வதில்லை. தெற்கே ஜார்ஜியாவில் காலெடுத்து வைத்து, வடக்கே மெய்ன் வரை இரண்டாயிரத்துச் சொச்சம் மைல் நடக்கக் கிளம்புகிறவருக்கு, முதல் சில நாட்களுக்குள் கூட நடப்பவர்கள் ஒரு பெயரை மாட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அவர் மறைக்க நினைத்த விஷயத்திலிருந்துதான் அது எடுக்கப்படும். என் பெயர் கடைசிப் பெட்டி. காலையில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகுதான் நான் பையைக் கட்டவே ஆரம்பிப்பேன். என்னோடு நடந்த நர்ஸம்மாவின் பெயர் ஈரச் சாக்ஸ். காரணத்தை, மழை நாளில் அவருக்குப் பக்கத்தில் படுத்தவர்களிடம் கேளுங்கள்.

ஹாலிஸ் பெம்பர்டன் மட்டும் பெயரோடு வந்தார். அச்சடித்துக்கொண்டு வந்தார். ஐந்நூறு அட்டைகள்; ஒவ்வொன்றிலும் சிறகு விரித்த பறவை, அதன் கீழே ‘ஒற்றைக் கழுகு’. கனெக்டிகட்டில் ஏதோ காப்பீட்டு நிறுவனத்தில் துணைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பையின் பாரத்தைக் குறைக்க, பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்திருந்தார். அட்டைகளின் பாரம் அந்தக் கணக்கில் வரவில்லை. பார்வையான இடம் வந்தால் கல்லுக்கு அடியில் ஓர் அட்டையைச் செருகி வைப்பார், பின்னால் வருகிறவர்கள் ஊக்கம் பெறட்டும் என்று.

அவருடைய நடையும் தனி. தன்னந்தனியாக மலையேறும் மனிதனைப் படம் பிடிக்க இன்னொரு மனிதன் வேண்டுமே. அதனால் ஃபோனைக் குட்டி முக்காலியில் நிறுத்திவிட்டு, முன்னால் நடந்து போவார், திரும்பி வந்து ஃபோனை எடுப்பார், சரியாக வரவில்லையென்றால், “மறுபடியும்!” என்று தனக்குத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டு இன்னொரு தடவை போவார். நாங்கள் ஒரு தடவை ஏறிய மேட்டை அவர் மூன்று தடவை ஏறினார். அதைச் சொல்லிக் காட்டினால், “கலைக்குக் கொடுக்கற விலை” என்பார். வழி பார்க்க மட்டும் ஃபோனைத் தொட மாட்டார். “மலையை மலைகிட்டதான் கேட்கணும்” என்பது அவர் கொள்கை.

ஏப்ரல் மூன்றாவது வாரம். பள்ளத்தாக்கில் மரங்கள் தளிர்த்துவிட்டன. மேலே முகட்டில் இன்னும் மொட்டைக் கிளைகள். தரையில் மட்டும் வெள்ளைப் பூக்கள், மூன்றிதழ்ப் பூக்கள், காட்டுப் பூண்டின் பச்சை இலைகள். வாழ்க்கை எளிமையாக இருந்தது. எழுந்திரு, கரடிக்கு எட்டாமல் கட்டித் தொங்கவிட்ட சாப்பாட்டு மூட்டையை இறக்கு, ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவு, நட. மதியம் அதே ரொட்டி, அதே வெண்ணெய். சாயங்காலம் மூன்று பக்கச் சுவரும் ஒரு பக்கம் எலிக்கு வாசலுமாக இருக்கிற குடிலில், வெந்நீர் ஊற்றிக் கரைத்த உருளைக்கிழங்கு மாவு. நான் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு நாளும் ஒரு திருப்பத்தையும் தவறவிட்டதில்லை என்று குடிலுக்குக் குடில் சொல்லிக்கொண்டு வந்தேன். யாரும் கேட்காமலேதான்.

அந்தச் சனிக்கிழமை மதியம், ஒரு பெரிய தட்டைப் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது என் கரண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். சிவப்புப் பிடி போட்ட நீளக் கரண்டி. ராத்திரிச் சாப்பாட்டைக் கூடார முளையால் வாரித் தின்றேன். ஈரச் சாக்ஸ் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

பெம்பர்டன் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை. மறுநாள் ஞாயிறு நாங்கள் டாக்கெட் கணவாயில் இறங்கப் போகிறோம். அங்கே வெர்னாவின் விடுதி. அதன் சாப்பாட்டறைச் சுவரில் நடப்பவர்களின் பெயரை எழுதுவார் வெர்னா, பாதைக்குக் குறியடிக்கும் அதே வெள்ளைச் சாயத்தால். அந்தச் சுவரில் ஏறிய பெயர் மெய்ன் வரை மாறாது. பின்னால் வருகிற அத்தனை பேரும் படித்துவிடுவார்களே. பெம்பர்டன் தன் பழைய அலுவலகத்து ஆட்கள் முந்நூறு பேருக்கும், ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஒற்றைக் கழுகைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு சிக்கல். அவரவர் சொல்லும் பெயரை வெர்னா எழுத மாட்டார். அன்றைக்குக் கூட நடந்து வந்த ஒருவர் சொல்ல வேண்டும். ஒற்றைக் கழுகோடு யார் நடந்து வருவார்கள்?

காலையில் பாலாடை மாதிரி மூடுபனி. பெம்பர்டன் விடியும் முன்பே போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். எட்டரைக்கு நான் குடிலிலிருந்து கிளைவழியாக வந்து, பெரிய பாதையில் வடக்கே திரும்பி அரை மைல் போயிருப்பேன். எதிரே பனியைக் கிழித்துக்கொண்டு ஓர் உருவம் வந்தது.

“காலை வணக்கம்! எங்க, தெற்கே போறீங்களா?” என்றார் பெம்பர்டன்.

“வடக்கேதான் போறேன்.”

அவர் பரிதாபப்பட்டுச் சிரித்தார். துணைத்தலைவர்களுக்கென்று ஒரு சிரிப்பு உண்டு.

“கடைசிப் பெட்டி, தப்பா நினைக்காதீங்க. நான்தான் வடக்கே போயிட்டிருக்கேன். நீங்க எனக்கு எதிர்ல வர்றீங்க. அப்ப நீங்க எங்க போறீங்க? யோசிச்சுப் பாருங்க.”

யோசித்துப் பார்த்தேன். அதுதான் தப்பு. மரத்துக்கு மரம் அடித்திருக்கும் வெள்ளைக் குறி இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அது வழியைச் சொல்லும், திசையைச் சொல்லாது. என் ஃபோனில் சார்ஜ் இல்லை. அவர் குரலில் ஒரு முழு நிறுவனமே இருந்தது. இருபத்தாறு வருட அனுபவத்தோடு நான் திரும்பி நின்றேன்.

“ரெண்டு பேருமா நடந்தா இன்னைக்கு உங்களுக்கும் பேச்சுத் துணை” என்றார் அவர். அவருக்கு வேண்டியது வேறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நடந்தேன்.

பனியில் மலையைப் படிப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டே வந்தார். நடுவில் இடது கைப் பக்கம் ஒரு மரப்பலகை தாண்டிப் போன மாதிரி இருந்தது. பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பதுதானே மரியாதை. பலகையைப் படிக்கவில்லை.

பத்து மணிக்கு ஒரு தட்டைப் பாறை வந்தது. அதன் மேல் சிவப்புப் பிடி போட்ட கரண்டி கிடந்தது.

“என் கரண்டி!” என்று கத்திவிட்டேன். “யாரோ புண்ணியவான் எடுத்துட்டு வந்து இங்க வெச்சிருக்காங்க!”

பெம்பர்டனின் கண் கலங்கியது. “பாத்தீங்களா? கேட்டதைக் கொடுக்குது பாருங்க இந்தப் பாதை. இருங்க, இதைப் படம் எடுத்தே ஆகணும்.” முக்காலியை நிறுத்தி, மலையின் கருணையைப் பற்றி நான்கு நிமிடம் பேசினார். நான் கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். “மறுபடியும்” என்றார். மறுபடியும் அணைத்துக்கொண்டேன்.

பிறகு கல்லுக்கு அடியில் இருந்த அட்டையை அவர்தான் பார்த்தார். சிறகு விரித்த பறவை.

“அடடா, நமக்கு முன்னாலயே நம்ம பேரை யாரோ கொண்டு போறாங்க” என்றார், அடக்கமாக.

அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. வெயில் என் இடது கன்னத்தில் சுள்ளென்று விழுந்தது. வடக்கே நடக்கிறவளுக்குக் காலை வெயில் வலது பக்கமல்லவா இருக்க வேண்டும்? நான் கரண்டியைப் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்த்தார்.

“படம் எடுக்கப் போய்ப் போய் வந்தீங்கல்ல,” என்றேன், “கடைசித் தடவை ஃபோனை எடுக்க வந்தவரு, எடுத்துட்டுத் திரும்பாம அப்படியே தெற்கேயே நடந்துட்டீங்க.”

“அப்படியே வெச்சுக்குவோம். நான் ஃபோனால கெட்டேன். நீங்க?”

நான் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

பாறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். ரொட்டி முடிவதற்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. நான் வெர்னாவிடம் ஒற்றைக் கழுகு என்று சொல்ல வேண்டும். பேருந்து ஓட்டுநர் திசை மாறிய கதையை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். தாமதத்துக்குக் காரணம் அவருடைய முழங்கால். எந்த முழங்கால் என்று கேட்டால் இடது.

திரும்பி நடந்த பதினொன்றரை மைல் அருமையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் படம் எடுக்கவில்லை. மலையை விளக்கவில்லை. ஓடையில் காலை நனைத்துக்கொண்டு, தன் மனைவி மார்வா சூப்புக்கு உப்புப் போட மறப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான் சிரித்துச் சிரித்து இரண்டு தடவை உட்கார வேண்டி வந்தது.

ஐந்தே முக்காலுக்குக் கணவாயில் இறங்கினோம். சாப்பாட்டறையில் பன்னிரண்டு பேர். நாங்கள் நுழைந்ததும் எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். எலிகள்கூட அவ்வளவு மரியாதையாக இருந்து நான் பார்த்ததில்லை.

“வா கண்ணு, உக்காரு ராசா” என்றார் வெர்னா. “வழியெல்லாம் எப்படி?”

“முழங்கால்” என்றார் பெம்பர்டன். “இடது.”

“ரொம்ப வலியோ?”

“வடக்கே வர வர நல்லாயிடுச்சு.”

ஈரச் சாக்ஸின் தோள் குலுங்கியது. வெர்னா கைகளை மேல்துணியில் துடைத்துக்கொண்டார்.

“காலைல ஒம்பதரைக்கு உன் வீட்டுக்காரம்மா ஃபோன் பண்ணுச்சு ராசா. பையில ஏதோ கருவி மாட்டிருக்கியாமே, நீ எங்க இருக்கேன்னு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அந்தம்மாவுக்குப் புள்ளி காட்டுமாம். ‘புள்ளி தெற்கே போகுது, எம் புருஷன் நடக்கறதை விட்டுட்டு வீட்டுக்கு வர்றாரா? வந்தா நான் சூப்பு கூட வைக்கணுமே’ன்னு கேட்டுச்சு.”

அறை வெடித்தது. ஒருவர் மேசையை அறைந்தார். ஈரச் சாக்ஸுக்கு மறுபடியும் புரையேறியது.

பெம்பர்டன் காது வரை சிவந்து நின்றார். நான் நின்ற இடத்தில் எனக்கு வியர்த்தது. புள்ளி ஒன்றுதான், அதற்குப் பக்கத்தில் நான் இருந்தது யாருக்கும் தெரியாது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரிப்பில் பாதி என் பக்கம் திரும்பிவிடும்.

“கடைசிப் பெட்டியும் உங்க கூடவா?” என்று ஈரச் சாக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இல்ல,” என்றார் பெம்பர்டன். “நான் தனியாத்தான் போனேன். திரும்பி வர்றப்ப பாதி வழியில இவங்களைப் பிடிச்சேன். அவங்கதான் மெதுவா நடப்பாங்களே.”

பதினைந்து நாளில் அவர் சொன்னதிலேயே நேர்த்தியான பொய் அது. மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

உட்கார்ந்தோம். ஆவி பறக்கும் பீன்ஸ், மக்காச்சோள ரொட்டி, முட்டையோடு வதக்கிய காட்டுப் பூண்டு. ஒரு நிமிடம் உலகமே மணத்தது. எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு: எதிரே எத்தனை வெள்ளிக் கரண்டி வைத்தாலும் எங்கள் கரண்டியால்தான் தின்போம். என் கை தானாகப் பைக்குள் போனது.

“இரு,” என்றார் ஈரச் சாக்ஸ். “நேத்து ராத்திரி நீ முளையாலதானே தின்னே?”

பன்னிரண்டு பேரும் சிவப்புப் பிடியைப் பார்த்தார்கள். பேருந்துக்காரி அந்தப் பாறை வரை மூன்று மைல் பின்னால் போய்க் கரண்டியோடு வந்திருக்கிறாள் என்ற கணக்கை, எங்களில் மிகவும் மந்தமானவர்கூட ரொட்டியை மென்று முடிப்பதற்குள் போட்டுவிட்டார். உண்மையைச் சொல்லும் எண்ணம் எனக்கு இருந்தது என்று இப்போது சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. என் கை முந்திக்கொண்டது.

“ஒரு திருப்பத்தையும் விட்டதில்லையாமே!” என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு அடங்கக் காபி வரும் நேரமாகிவிட்டது.

வெர்னா சாயமும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வந்தார். “சரி கண்ணு, நீதானே கூட வந்தே. இவருக்கு என்ன பேரு?”

பெம்பர்டன் ஃபோனை முக்காலியில் நிறுத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மேசையைப் பார்த்தார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், அதோடு அவர் தன் பங்கைத் தாண்டியே செய்திருந்தார்.

“ஒற்றைக் கழுகு” என்றேன், தெளிவாக.

“ஒற்றையா?” என்றார் வெர்னா. “ரெண்டு பேராதானே போயிட்டு வந்தீங்க? ஒத்தையில போனாருன்னு எப்படி எழுதறது? இது என் சுவரு ராசா, பொய் எழுத மாட்டேன்.”

பெம்பர்டன் தலையை நிமிர்த்தினார். “நீங்கள்லாம் எனக்குப் பின்னாடி என்னன்னு கூப்பிடுவீங்க? ஏதாவது இருக்கும்ல.”

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஈரச் சாக்ஸ்தான் மெல்லச் சொன்னார்: “மறுபடியும்.”

“என்ன, கேக்கலையா? நீங்கள்லாம் என்னை…”

“அதான் பேரு. மறுபடியும். ரெண்டாம் நாள்லேருந்தே அதான்.”

அவர் அதை வாய்க்குள் ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். ரொட்டித் துண்டால் தட்டை வழித்துத் தின்றார். “எவ்வளவு நாளா எனக்குப் பேரு இருந்திருக்கு,” என்றார், “நான்தான் வந்து வாங்கிக்கல. எழுதுங்கம்மா. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.”

பெருசாகவே எழுதினார் வெர்னா. அலுவலகத்து முந்நூறு பேருக்கும் படம் போயிற்று. மிச்சம் இருந்த நானூற்றுச் சொச்சம் அட்டைகளை அடுப்புப் பற்ற வைக்க வெர்னாவிடமே கொடுத்துவிட்டார். பை எவ்வளவு இலேசாகிவிட்டது என்று மறுநாள் காலை மூன்று பேரிடம் சொன்னார்.

நான் வழக்கம்போலக் கடைசியாகக் கிளம்பினேன். அவர் எனக்காகக் காத்திருந்தார். பாதை குறுக்கே கடக்கும் கணவாய்ச் சாலையின் இந்தப் பக்கம் ஒரு மரத்தில் வெள்ளைக் குறி, அந்தப் பக்கம் ஒரு மரத்தில் வெள்ளைக் குறி. நல்ல பனி.

“கடைசிப் பெட்டி, எந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கம்.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது” என்றார் மறுபடியும்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு பைகளை இறக்கி வைத்துவிட்டு, மூன்றாவது ஆள் யாராவது வருகிற வரைக்கும் இருக்கலாம் என்று சாலையோரத்தில் உட்கார்ந்தோம்.